ஃபர்ஸ்ட் சம்பளத்துல ஒரு மாண்டலின்!

சிப்காட் கம்பெனியில அப்ரண்டிஸா சேர்ந்து முதல் ஸ்டைபண்ட் கைக்கு வந்திருக்கா? இல்ல, பொன்னேரி காலேஜுக்கு லோக்கல் ட்ரெயின்ல அடிச்சுப் பிடிச்சுப் போய்க்கிட்டே, சாயங்காலம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு பர்ஸுக்குள்ள உறுத்துதா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ‘புது மொபைல் வாங்குடா’, ‘ஷூ வாங்குடி’னு ஆளாளுக்கு ஐடியா கொடுக்கும்போது, உங்க மனசு மட்டும் ‘ஒரு மாண்டலின் வாங்கினா என்ன?’னு கேக்குதா?

கையைக் கொடுங்க! இந்த வாரம் பேசப்போறது உங்ககிட்டதான்.

கிடார் வாங்கணும்னா யோசனை சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. கீபோர்டுக்கும் அப்படித்தான். ஆனா ‘மாண்டலின்’னு சொல்லிப் பாருங்க... ‘அது எங்கப்பா கிடைக்கும்?’னு திருப்பி உங்களையே கேப்பாங்க. வாங்குறதுக்கு முன்னாடி நாலு மாண்டலினைத் தொட்டுப் பார்க்குற வாய்ப்பே நம்மள்ல பலருக்குக் கிடைக்கிறதில்ல. அதனால என்ன ஆகுது? செல்போன்ல படத்தைப் பார்த்து, பாலீஷ் பளபளப்புல மயங்கி, ஆர்டர் போட்டுடறோம். வம்பு அங்கதான் ஆரம்பம்.

சுருதி சேராத கிடாரைக்கூட கும்பலோட கோவிந்தானு கொஞ்ச நாள் ஓட்டிடலாம். மாண்டலின்கிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. அதுல மொத்தம் 8 கம்பி, நாலு ஜோடியா இருக்கும். ஒரு ஜோடியில இருக்குற ரெண்டு கம்பியும் ஒரே ஸ்வரத்துல நிக்கணும். ஒண்ணு மயிரிழை இறங்கினாலும் காதுல அபஸ்வரம் குத்தும். பழகினவங்க உடனே, ‘வாத்தியம் சரியில்ல’னு சொல்லிடுவாங்க. புதுசா கத்துக்குறவங்களுக்கு அது தெரியாது. தப்பு வாத்தியத்து மேலயா, நம்ம விரல் மேலயானு குழம்புவாங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு முடிவுக்கு வருவாங்க பாருங்க... ‘நமக்கெல்லாம் இசை ஞானம் கிடையாதுப்பா!’ மாண்டலின் பரணுக்குப் போயிடும். கூடவே அந்த ஆசையும்.

ஆக, முதல் மாண்டலின்ல நீங்க தேட வேண்டிய குணம் ஒண்ணே ஒண்ணு. அது உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. நீங்க சரியா வாசிச்சா சரியா கேக்கணும்; தப்பா வாசிச்சா தப்பா கேக்கணும். அவ்ளோதான்! அப்படி ஒண்ணை நம்ம பட்ஜெட்ல எப்படிக் கண்டுபிடிக்கிறதுனு பார்ப்போமா?

அந்த ஆறு வயசுப் பையன்!

நம்ம கும்மிடிப்பூண்டி வழியா ஆந்திரா பக்கம் போற தண்டவாளத்தைப் பிடிச்சு வடக்கே போய்க்கிட்டே இருந்தா கோதாவரி டெல்டா வரும். அங்க பாலகொல்லுனு ஓர் ஊர். 1969-ல அங்க பிறந்த ஸ்ரீனிவாஸ், ஆறு வயசுல அப்பா சத்தியநாராயணாவோட மாண்டலினைக் கையில எடுத்தார். பையன் விளையாட்டுக்குத் தொடலைனு புரிஞ்சுக்கிட்ட அப்பா, அவருக்குன்னே புதுசா ஒரு மாண்டலின் வாங்கிக் கொடுத்துச் சொல்லித்தர ஆரம்பிச்சார்.

அடுத்து நடந்ததுதான் சூப்பர். அப்பாவோட குரு ருத்ரராஜு சுப்பராஜு, பையனுக்குப் பாடம் எடுக்க வந்தார். அவர் செம்பை வைத்தியநாத பாகவதரோட சிஷ்யர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அதனால என்ன? அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு அப்படியே கம்பியில கொண்டு வருவான். இப்படித்தான் உருவானது அந்தப் பாணி.

1978-ல குடிவாடாவுல நடந்த தியாகராஜ ஆராதனையில முதல் கச்சேரி. 1981-ல சென்னையில இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை. 1983-ல பெர்லின் ஜாஸ் விழா. 1998-ல பத்மஸ்ரீ. அப்புறம் கிடார் மேதை ஜான் மெக்லாஃப்லினோட, தபலா உஸ்தாத் ஜாகிர் உசேனோட ‘ரிமெம்பர் சக்தி’ குழுவுல உலகச் சுற்று. 2014 செப்டம்பர் 19-ம் தேதி, 45 வயசுலயே அவர் காலமானப்போ, ‘மாண்டலின்’ங்கிறது ஒரு வாத்தியத்தோட பேர் மட்டும் இல்ல, அவரோட இனிஷியல் மாதிரியே ஆகியிருந்தது.

இந்தக் கதை எதுக்கு? ஷாப்பிங்குக்குத் தேவையான ரெண்டு பாடம் இதுல இருக்கு. ஒண்ணு, வாத்தியத்தை அவர் இசைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டார். சாதாரண மாண்டலின்ல ஒலி சட்டுனு அடங்கிடும். ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் கொண்டு வர்றதும் கஷ்டம். அதனால 8 கம்பிக்குப் பதிலா 5 ஒற்றைக் கம்பி வெச்ச எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். ஒலி நீண்டு நின்னது, கமகம் வந்தது. ரெண்டாவது பாடம், மாண்டலின் தெரியாத குருகிட்டயும் மாண்டலின் கத்துக்கலாம். இதைக் கடைசியில பார்ப்போம்.

உங்க ரூட் எது?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்களை நீங்களே கேக்க வேண்டிய கேள்வி இது. ‘எந்த பிராண்ட் நல்லது?’ங்கிற கேள்வியெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

சினிமாப் பாட்டு, மெல்லிசைக் குழு, சர்ச் கொயர்... இதுதான் உங்க ஏரியாவா? அப்ப 8 கம்பி அக்கூஸ்டிக் மாண்டலின்தான் சரி. பிக்கை மேலும் கீழும் வேகமா ஆட்டி, ஒரே ஸ்வரத்தைத் தூறல் மாதிரி நிறுத்துவாங்களே... அந்த ‘ட்ரெமலோ’வோட அழகே ஜோடிக் கம்பியிலதான். 1995-ல வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ படத்துல ஷாரூக் கையில இருந்ததும் மாண்டலின்தான். ‘அட, அந்த மியூசிக்கா?’னு உங்க அம்மாவே ஹம் பண்ணிக் காட்டுவாங்க.

கர்னாடக சங்கீதம்தான் லட்சியமா? எலெக்ட்ரிக் உங்களுக்குப் பொருத்தம். ஆனா ஆம்ப்ளிஃபயர் செலவும் சேரும். காசு இடிக்குதா? முதல்ல சாதாரண 8 கம்பி மாண்டலினையே வாங்குங்க. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு கம்பியைக் கழட்டிட்டு நாலு ஒற்றைக் கம்பியில வாசிச்சுப் பாருங்க. சத்தம் கொஞ்சம் குறையும். விரலுக்கு சுகமா இருக்கும், கம்பியை இழுக்கவும் வரும். ஆசை நிலைச்சுதுன்னா அடுத்த வருஷம் எலெக்ட்ரிக்.

சிப்காட் பக்கம் நாலு பேரோட ரூமைப் பகிர்ந்துக்கிட்டு, நைட் ஷிஃப்ட், டே ஷிஃப்ட்னு மாறி மாறி ஓடுறவரா நீங்க? உங்களுக்கும் எலெக்ட்ரிக் நல்ல சாய்ஸ். ஹெட்போன் மாட்டுற வசதியுள்ள குட்டி ஆம்ப்ளிஃபயர் இருந்தாப் போதும். நீங்க சரளி வரிசை வாசிக்கலாம், ஷிஃப்ட் முடிச்சு வந்த ரூம்மேட் நிம்மதியா குறட்டை விடலாம்!

வீட்டுல தம்பி, தங்கச்சிக்கு வாங்குறீங்களா? ரொம்ப நல்லது. கிடார்ல பிரிட்ஜுக்கும் மேல்முனைக்கும் நடுவுல கம்பி ஏறக்குறைய 25 இன்ச் நீளம் ஓடும். மாண்டலின்ல 14 இன்ச்தான். சின்னக் கைக்குக் கச்சிதம்.

அடுத்தது ஷேப். படத்துல பார்த்தா ரெண்டு ரகம் தெரியும். கண்ணீர்த் துளி மாதிரி இருக்குறது ‘ஏ’ ஸ்டைல். தோள்ல சுருள் சுருளா கொம்பு வெச்சிருக்குறது ‘எஃப்’ ஸ்டைல். இத்தாலியில நேப்பிள்ஸ் நகரத்துல 18-ம் நூற்றாண்டுல வளர்ந்த மாண்டலினுக்கு, முதுகு குடம் மாதிரி உப்பி இருக்கும். அதை வயலின் மாதிரி செதுக்கித் தட்டையாக்கினது அமெரிக்காக்காரர் ஆர்வில் கிப்சன். 1898-ல இதுக்கு பேட்டன்ட்டும் வாங்கினார். இன்னிக்குக் கடையில கிடைக்குற பலதும் அந்த வம்சம்தான்.

‘எஃப்’ ஸ்டைல் செம கெத்து. மறுக்கவே இல்ல. ஆனா அந்தச் சுருளைச் செதுக்குற கூலியும் விலையில சேரும். அதனால நாதம் கூடிடாது. ஒரே விலைக்கு ரெண்டும் கிடைச்சா ‘ஏ’ ஸ்டைலையே எடுங்க. அலங்காரத்துல மிச்சமானது வேலைப்பாட்டுல இருக்கும்.

பர்ஸைப் பிரிச்சு மேயலாமா?

நம்ம நாட்டுலயே தயாராகுற ஆரம்ப நிலை மாண்டலின்கள் ஐயாயிரம் ரூபாயை ஒட்டின விலையில கிடைக்குது. கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல் மாறும். கொல்கத்தாவோட ‘கிவ்சன்’ மாதிரி நம்ம ஊர் பிராண்டும் இருக்கு. ஒரு எழுத்தைக் கவனிங்க. ‘கிவ்சன்’ வேற, லட்சக்கணக்குல விலை போற அமெரிக்க ‘கிப்சன்’ வேற! ‘கிப்சனே கம்மி விலையில தர்றோம்’னு யாராவது சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

முக்கியமான சூத்திரம்: கையில இருக்குற காசு மொத்தத்தையும் வாத்தியத்துல கொட்டாதீங்க. ஒரு கணக்குக்கு உங்க பட்ஜெட் 8,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். வாத்தியத்துக்கு 5,500. அதைச் சீராக்குற ‘செட்டப்’ வேலைக்கு 1,000. ரெண்டு செட் கம்பி, நாலஞ்சு பிக் வாங்க 700. நல்ல பஞ்சு வெச்ச பை 800. கணக்கு சரியாச்சா?

‘செட்டப்’புக்கு ஆயிரமா?’னு முகத்தைச் சுளிக்காதீங்க. விலை குறைஞ்ச வாத்தியம் தொழிற்சாலையிலேருந்து வர்றப்போ, பெரும்பாலும் கம்பி உயரமா நிக்கும். கிடார் ரிப்பேர் தெரிஞ்சவர் மேல்முனைக் காடியை அரம் போட்டு இறக்கி, பிரிட்ஜை சரியான இடத்துல நிறுத்தினார்னா, ஐயாயிர ரூபா மாண்டலின் அடையாளமே தெரியாம மாறிடும். செட்டப் பண்ணாத பத்தாயிரத்தைவிட, செட்டப் பண்ணின ஐயாயிரம் மேல்!

இன்னொண்ணு. ஈ.எம்.ஐ., கைமாத்து, வட்டிக் கடன்... எதுவும் வேண்டாம். கான்ட்ராக்ட் வேலையில இந்த மாசம் இருக்குற சம்பளம் அடுத்த மாசம் இருக்குமானு தெரியாது. கடன் வாங்கின வாத்தியத்தைத் தொடும்போதெல்லாம் தவணைதான் ஞாபகத்துக்கு வரும், ராகம் வராது. ரெண்டு மாசம் பொறுத்துக் காசைச் சேர்த்துட்டுப் போங்க.

கடையில 7 டெஸ்ட்!

லோக்கல் ட்ரெயின்ல ஏறி சென்ட்ரல் வந்தா, அண்ணா சாலை கூப்பிடு தூரம்தான். 1842-ல ‘மிஸ்குவித்’ங்கிற பேர்ல தொடங்கி இன்னிக்கு ‘மியூசி மியூசிகல்’னு நடக்குற பழைய கடையும் அங்கதான் இருக்கு. ஒரே கடையோட நிறுத்தாதீங்க. வாங்குறீங்களோ இல்லையோ, நாலு இடத்துல கையில எடுத்துப் பாருங்க. போகும்போது பாக்கெட்டுல ஒரு ஸ்டீல் ஸ்கேல், செல்போன்ல இலவச ட்யூனர் ஆப். இது ரெண்டும்தான் உங்க ஆயுதம். வாசிக்கத் தெரிஞ்ச ஃப்ரெண்டு கூட வந்தா டபுள் ஓகே. அவரை வாசிக்கச் சொல்லிட்டு நீங்க எதிர்ல நின்னு கேளுங்க. மாண்டலினோட நாதம் முன்னாடி பாயும். வாசிக்கிறவரைவிட எதிர்ல நிக்கிறவருக்குத்தான் முழுசா கேக்கும்.

1. கழுத்து: தலைப் பக்கத்துலேருந்து ஒரு கண்ணை மூடிக்கிட்டு, ஃப்ரெட் போர்டு ஓரமா நீளவாக்குல பாருங்க. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பசங்க ராடு வளைஞ்சிருக்கானு பார்ப்பாங்களே, அதே ஸ்டைல். லேசான குழிவு தப்பில்ல. கழுத்து முறுக்கிக்கிட்டு நின்னா வேண்டவே வேண்டாம்.

2. உயரம்: 12-வது ஃப்ரெட் மேல ஸ்கேலை வெச்சு, ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளினு பாருங்க. ரெண்டு மில்லிமீட்டர் பக்கம் இருந்தா சந்தோஷம். மூணைத் தாண்டினா விரல் கதறும். பிரிட்ஜுல திருகுச் சக்கரம் இருந்தா இறக்கிக்கலாம். கடைக்காரரையே இறக்கித் தரச் சொல்லுங்க.

3. மேல்முனை: கம்பி தலைக்குள்ள நுழையுற இடத்துல இருக்குற காடிதான் ‘நட்’. மூணாவது ஃப்ரெட்டுல கம்பியை அழுத்திக்கிட்டு முதல் ஃப்ரெட் மேல பாருங்க. ஒரு தாள் நுழையுற இடைவெளி இருந்தாப் போதும். பெரிய சந்து தெரிஞ்சா காடி உயரம்னு அர்த்தம். இது செட்டப்ல சரியாகும். விலை பேச உங்களுக்கு ஒரு பாயின்ட்!

4. உண்மை கண்டறியும் சோதனை: ஏழுலயும் இதுதான் ஹீரோ. மாண்டலினோட வழக்கமான சுருதி, தடிச்ச கம்பியிலேருந்து ஜி, டி, ஏ, ஈ. அச்சு அசல் வயலின் மாதிரியேதான். அப்படிச் சுருதி சேர்த்ததும், 12-வது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்க. அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேல கேக்கணும். அடுத்து, தடிச்ச ஜோடியில 7-வது ஃப்ரெட்டை அழுத்தினா, பக்கத்து ஜோடியோட ஸ்வரம் அப்படியே வரணும். ட்யூனர் முள் நூலிழை ஆடினா பரவாயில்ல. 12-வது ஃப்ரெட்டுலயே தப்புன்னா பயப்படாதீங்க, பிரிட்ஜ் நகர்ந்திருக்கலாம், சரிபண்ணச் சொல்லுங்க. 12 சரியா இருந்து, நடுவுல இருக்குற 5-ம் 7-ம் தப்புன்னா, ஃப்ரெட் பதிச்சதே கோணல். அதை எந்த ரிப்பேர்காரரும் மலிவா சரிபண்ண முடியாது. நன்றி சொல்லிட்டு வெச்சுடுங்க. கம்பி துருப்பிடிச்சுக் கிடந்தாலும் இந்த டெஸ்ட் ஃபெயில் ஆகும்; அப்படின்னா புதுக் கம்பி மாட்டி இன்னொரு சான்ஸ் கொடுங்க.

5. கர்ர்ர் சத்தம்: ஒவ்வொரு ஜோடியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி வாசிங்க. எங்கயாவது கர்ர்ருனு அதிருதா, ஒலி செத்துப்போகுதா? கடைக்காரர் முறைச்சாலும் விடாதீங்க. காசு உங்களோடது!

6. முறுக்காணி: எட்டையும் திருகிப் பாருங்க. வெண்ணெய் மாதிரி சுத்தணும். திருகினதும் சும்மா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் பிடிக்குதுன்னாலோ, டக் டக்னு குதிச்சாலோ, வழுக்கினாலோ வேண்டாம். சுருதி சேர்த்து அஞ்சு நிமிஷம் பலமா வாசிச்சுட்டு மறுபடி பாருங்க. புதுக் கம்பி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது சகஜம். முறுக்காணி விட்டுக்கொடுக்குறதுதான் குத்தம்.

7. வயிறும் மூட்டும்: எட்டுக் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது, எண்பது கிலோ இழுவிசையில வாத்தியத்தை இழுத்துக்கிட்டு நிக்கும். அதாவது ஒரு முழு ஆள் தொங்குற பாரம்! பிரிட்ஜுக்குக் கீழ பலகை உள்வாங்கியிருக்கா, கழுத்து உடம்போட சேர்ற இடத்துல சந்து விட்டிருக்கா, மயிரிழை விரிசல் ஓடுதானு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.

‘முழுப் பலகையா, ப்ளைவுட்டா?’ங்கிற கேள்வியும் வரும். ஒலித் துளையோட ஓரத்துல அடுக்கு அடுக்கா தெரிஞ்சா ப்ளைவுட். முழுப் பலகையில நாதம் நல்லா இருக்கும். நாள் ஆக ஆக இன்னும் திறக்கும். ஆனா முதல் மாண்டலினுக்கு ப்ளைவுட் ஒண்ணும் கேவலம் இல்ல. நம்ம கடலோர ஈரத்தையும் வெயிலையும் அது நல்லாவே தாங்கும்.

ஆன்லைனா? செகண்ட் ஹேண்டா?

ஆன்லைன்ல வாங்கினா திருப்பி அனுப்புற வசதி இருக்கா, எத்தனை நாள்னு முதல்ல பாருங்க. பார்சல் வந்த அன்னிக்கே ஏழு டெஸ்ட்டையும் முடிச்சுடுங்க. நாலு நைலான் கம்பி வெச்ச குட்டி வாத்தியம் யுகுலேலே. அது வேற ஜாதி. அதுல ஸ்டீல் கம்பி மாட்டினா பிரிட்ஜ் பிய்ச்சுக்கிட்டு வந்துடும். டைப்ரைட்டர் மாதிரி பட்டன் வெச்சிருக்குற ‘புல்புல் தாரா’வும் மாண்டலின் இல்ல.

செகண்ட் ஹேண்ட் பல சமயம் ஜாக்பாட்! யாரோ ஆசையா வாங்கி, பாதியில விட்டுட்டு, சும்மா வெச்சிருப்பாங்க. மெல்லிசைக் குழுவுல வாசிச்சு ஓய்ஞ்ச பெரியவங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க, ‘ஐயா, பழைய மாண்டலின் ஏதாவது கொடுக்குறதா இருக்கீங்களா?’னு. கீறலைப் பத்திக் கவலைப்படாதீங்க. 1, 4, 7 இந்த மூணு டெஸ்ட்டுல பாஸாயிடுச்சுன்னா தூக்கிடுங்க. கம்பிக்கு நேர் கீழ ஃப்ரெட்டுகள்ல ஆழமா பள்ளம் விழுந்திருந்தா மட்டும் அதுக்கான ரிப்பேர் செலவைக் கழிச்சு விலை பேசுங்க.

வாங்கியாச்சு... அப்புறம்?

பலரும் மாட்டிக்கிற ஒரு கண்ணி இருக்கு. மாண்டலினோட பிரிட்ஜ் பசை போட்டு ஒட்டினது இல்ல. கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது. புதுக் கம்பி மாட்டுற ஜோர்ல எட்டையும் ஒரே நேரத்துல கழட்டினீங்கன்னா, பிரிட்ஜ் ‘டொக்’னு கையில வந்துடும். எங்க இருந்ததுனு தேடி அலையணும். முதல் நாளே அதோட காலுக்குப் பக்கத்துல பென்சிலால லேசா ஒரு புள்ளி வெச்சுடுங்க. கம்பியை ஒண்ணு ஒண்ணா மாத்துங்க.

மாண்டலின் கம்பியோட முனையில வளையம் இருக்கும். கிடார் கம்பியில குட்டிப் பித்தளைக் குண்டு இருக்கும். ராத்திரி கம்பி அறுந்து, பக்கத்துக் கடையில கிடார் கம்பிதான் கிடைக்குதா? மெல்லிசு கம்பிக்கு கிடாரோட 10-ம் நம்பர் கம்பியை வாங்கி, குண்டைக் கட்டிங் பிளேயரால நெறிச்சு எடுத்துடுங்க. வளையம் ரெடி! அடுத்த ஜோடிக்கு 14-ம் நம்பர். நம்ம சிப்காட் மூளைக்கு இதெல்லாம் ஜுஜுபி.

எண்ணூர்லேருந்து பழவேற்காடு வரைக்கும் நம்ம பக்கம் வீசுறது உப்புக் காத்து. ஸ்டீல் கம்பிக்கு அது எமன். வாசிச்சு முடிச்சதும் பழைய காட்டன் துணியால கம்பியைத் துடைச்சுட்டுப் பையில வைங்க. ஒரு நிமிஷ வேலைதான். கம்பி ரொம்ப நாள் உழைக்கும். தகர ஷீட் போட்ட ரூம்ல சுவத்துல மாட்டாதீங்க, வெயில்ல நிக்குற வண்டிக்குள்ளயும் விடாதீங்க. சூட்டுல பசை இளகும், கழுத்து வளையும். ஐப்பசி மழையில மரம் ஈரம் குடிச்சு ஊதும். கம்பி திடீர்னு உயரமா தெரியும். பதறாம, பிரிட்ஜ் சக்கரத்தைக் கொஞ்சம் இறக்கிக்குங்க. பீக் ஹவர் லோக்கல்ல பையை முதுகுல மாட்டாம மார்போட அணைச்சுக்குங்க. பாப்பா மாதிரி!

மாஸ்டர் எங்க இருக்கார்?

‘எங்க ஊர்ல மாண்டலின் சொல்லித் தர ஆளே இல்லையே!’ங்கிறீங்களா? இப்ப அந்த ரெண்டாவது பாடத்துக்கு வருவோம். சுப்பராஜு பாடினார்; ஸ்ரீனிவாஸ் வாசிச்சார். உங்க தெருவுல வாய்ப்பாட்டு சொல்லித் தர்ற டீச்சர் இருக்காங்களா? வணக்கம் வெச்சுட்டு, ‘டீச்சர், நீங்க பாடுங்க, நான் கம்பியில தேடிப் பிடிக்கிறேன்’னு கேளுங்க. வயலின் மாஸ்டர் கிடைச்சா இன்னும் வசதி. சுருதி ஒண்ணுங்கிறதால எந்த விரல் எங்க போகணும்னு அவருக்கே தெரியும். உங்களுக்கு ஃப்ரெட் வேற இருக்கு. வீணை டீச்சருக்கோ மெட்டும் மீட்டலும் தண்ணி பட்ட பாடு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குற நம்ம எல்லை ஊர்கள்ல தேடினா, நாலு கீர்த்தனை பாடத் தெரிஞ்ச ஒருத்தராவது கண்டிப்பா அகப்படுவாங்க.

வயலினும் க்ளாரினெட்டும் சாக்ஸபோனும் வெளிநாட்டுலேருந்து வந்ததுதான். பாலுஸ்வாமி தீட்சிதர், ஏ.கே.சி.நடராஜன், கத்ரி கோபால்நாத்னு ஒவ்வொண்ணையும் நம்ம இசைக்குப் பழக்க ஒருத்தர் உட்கார்ந்தாங்க.  நீங்களும் பாடத் தெரியாட்டி பரவாயில்ல, முணுமுணுக்கவாவது பழகுங்க. தொண்டையில வந்தது விரலுக்கு வரும்.

ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம் போதும். ஆனா தினமும். செல்போன்ல தம்புரா ஆப்பைப் போட்டு விட்டுட்டு, மெதுவா சரளி வரிசை. முதல் ரெண்டு வாரம் விரல் நுனி எரியும். அது சகஜம், தோல் காய்ச்சதும் சரியாயிடும். ஒரு மாசம் தாண்டியும் வலிச்சா, விரலைத் திட்டாதீங்க. ஸ்கேலை எடுத்துக் கம்பியோட உயரத்தை அளந்து பாருங்க. ஸ்வரம் சேரலையா? உங்க காதைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி 7-வது ஃப்ரெட்டைக் கேளுங்க. வாத்தியம் உண்மை பேசுதுனு தெரிஞ்சுட்டா, மிச்சம் இருக்குறது உழைப்பு மட்டும்தான். அது உங்க கையில இருக்கு.

டக்குனு ஒரு ரிவிஷன்!

* முதல்ல ரூட், அப்புறம் மாடல், கடைசியில பிராண்ட்.
* ஒரே விலைன்னா ‘ஏ’ ஸ்டைல்.
* செட்டப், கம்பி, பைக்குனு கொஞ்சம் காசை ஒதுக்குங்க.
* கடன்ல வாங்காதீங்க.
* 7-வது, 12-வது ஃப்ரெட் டெஸ்ட் பண்ணாம பில் போடாதீங்க.
* எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க.
* மாண்டலின் மாஸ்டர் இல்லையா? பாடத் தெரிஞ்சவங்களைத் தேடுங்க.

என்ன... ஸ்கேலை எடுத்து பாக்கெட்டுல சொருகியாச்சா? ரைட், கிளம்புங்க!